அமெரிக்கா 95 – செர்பியா 91: வீடியோவைப் பார்த்து ஆட்டக்காரர் புள்ளிவிவரத் தாள் போடும் முறை

2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் பெர்சி அரங்கில் நடந்த ஒலிம்பிக் ஆண்கள் கூடைப்பந்து அரையிறுதியை இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். முதல் குவார்ட்டரில் செர்பியா 31–23, இடைவேளையில் 54–43, மூன்றாவது குவார்ட்டர் முடிவில் 76–63. கடைசிப் பத்து நிமிடத்தில் அமெரிக்கா 32, செர்பியா 15. முடிவு 95–91. ஸ்டீஃபன் கர்ரி 36 புள்ளி. லெப்ரான் ஜேம்ஸ் 16 புள்ளி, 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டுக்குப் பின் பந்தைக் கைப்பற்றுவது), 10 அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்த பாஸ்). ஜோயல் எம்பீட் 19. செர்பியாவுக்கு போக்டான் போக்டானோவிச் 20, நிகோலா யோக்கிச் 17 புள்ளியோடு 11 அசிஸ்ட்.

அதிகாரபூர்வமான தாள் ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்துக்கு நாமும் ஏன் ஒன்று போட வேண்டும்? விடை கையில் இருக்கும் கணக்கில்தான் கை பழகும். ஸ்கோர்ஷீட் மட்டுமே மிஞ்சும் உள்ளூர்ப் போட்டிக்குப் புள்ளிவிவரம் எடுக்கப்போகிறவர், முதலில் இப்படி ஓர் ஆட்டத்தில் தன் கண் எவ்வளவு சரி என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதோடு, அச்சிட்ட தாளில் ஒருவர் 10 அசிஸ்ட் என்று மட்டுமே இருக்கும். யாருக்குக் கொடுத்தார், எந்தக் குவார்ட்டரில் கொடுத்தார், ஆட்டம் எந்த நிலையில் இருந்தபோது கொடுத்தார் என்பதற்கு நிகழ்வுப் பதிவேடு வேண்டும்.

ஸ்கோர்ஷீட்டும் புள்ளிவிவரத் தாளும் வேறு வேறு. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) ஸ்கோர்ஷீட்டில் புள்ளி, ஃபவுல், டைம்அவுட் இவைதான் இருக்கும். இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு நிரப்பிய புள்ளி, மூன்று புள்ளிக்கு ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். ரீபவுண்ட், அசிஸ்ட், தவறவிட்ட ஷாட் எதற்கும் அதில் இடமில்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு நல்ல பழக்கம் உண்டு: 1, 3 குவார்ட்டர்களுக்குச் சிவப்பு மை, 2, 4 குவார்ட்டர்களுக்கு நீலம் அல்லது கறுப்பு. பிற்பாடு தப்பு தேடும்போது எந்தக் குவார்ட்டர் என்று நிறமே காட்டிவிடும்.

தேவையானவை

முழு ஆட்ட வீடியோ. சுருக்கத் தொகுப்பு எதற்கும் உதவாது, தவறிய ஷாட்டுகள் அதில் இருக்காது. திரையில் ஆட்டக் கடிகாரமும் ஷாட் கிளாக்கும் (ஒரு தாக்குதலுக்கான 24 வினாடிக் கடிகாரம்) தெரிய வேண்டும். பிரேம் பிரேமாக நகர்த்தும் வசதியுள்ள பிளேயர் வேண்டும், வி.எல்.சி. போதும். அகலவாட்டில் வைத்த ஏ4 தாள்கள் குவார்ட்டருக்கு இரண்டு, இரண்டு நிறப் பேனா, ஒரு விரிதாள்.

நேராக விரிதாளில் தட்டத் தொடங்குவதைவிட முதலில் காகிதத்தில் எழுதுவதையே பரிந்துரைப்போம். தட்டும்போது கண் திரையிலிருந்து விலகுகிறது. அந்த ஒரு நொடியில் பந்தைத் தட்டிவிட்டவர் யார் என்பது போய்விடும்.

முதலில் இரு அணியின் 12 பேரையும் எண்ணோடு எழுதுங்கள். பாரிஸில் அமெரிக்க அணி 4 முதல் 15 வரை வரிசையாக அணிந்தது: கர்ரி 4, ஜேம்ஸ் 6, டூரன்ட் 7, எம்பீட் 11, புக்கர் 15. செர்பியாவில் போக்டானோவிச்சுக்கும் 7, யோக்கிச்சுக்கும் 15. ஆக, வெறும் 7 என்று எழுதினால் டூரன்டின் ரீபவுண்ட் போக்டானோவிச் கணக்கில் ஏறும். அமெ-7, செர்-7 என்று அணியைச் சேர்த்தே எழுத வேண்டும். அவசரத்தில் இதைத்தான் பலரும் விடுகிறார்கள்.

நிகழ்வுக் குறிகள்

ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. பத்திகள் இவை: வரிசை எண், குவார்ட்டர், மீதி நேரம், அணி-எண், குறி, சந்தேகம். குறிகளுக்கு 2ஆ, 2த, 3ஆ, 3த, 1ஆ, 1த (ஆனது, தவறியது). ரீதா, ரீகா (தாக்குதல், காப்பு ரீபவுண்ட்). அசி, ஸ்டீ, டஓ, ப்ளா (அசிஸ்ட்; ஸ்டீல், அதாவது பந்தைப் பறிப்பது; டர்ன்ஓவர், அதாவது பந்தை இழப்பது; ப்ளாக், அதாவது ஷாட்டைத் தடுப்பது). ஃபா (செய்த ஃபவுல்), பெஃபா (பெற்ற ஃபவுல்). கூட்டல், கழித்தல் குறி போட்டு 3+, 3- என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கைபேசி விசைப்பலகை சில நேரம் நீளக் கோடு போடும், சில நேரம் குட்டைக் கோடு போடும். எண்ணும் சூத்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு.

ஒரே ஆட்டத் தருணத்தில் எழும் குறிகளுக்கு ஒரே வரிசை எண் கொடுங்கள். 3ஆ ஒரு வரி, அதற்கான அசி அடுத்த வரி, இரண்டுக்கும் எண் 87 என்று வையுங்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்ற அட்டவணை பிறகு இந்த எண்ணை வைத்துத்தான் கிடைக்கும்.

மூன்று சுற்றாகப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் சாதாரண வேகத்தில் ஷாட்டும் ஃப்ரீ த்ரோவும் மட்டும். குவார்ட்டர் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். முதல் குவார்ட்டரில் செர்பியா 31, அமெரிக்கா 23 வரவில்லையென்றால் அடுத்த குவார்ட்டருக்குப் போகவே கூடாது. அமெரிக்காவுக்கு 23, 20, 20, 32. செர்பியாவுக்கு 31, 23, 22, 15. இந்த எட்டு எண்ணும் பொருந்திய பிறகுதான் இரண்டாம் சுற்று: ரீபவுண்ட், அசிஸ்ட், டர்ன்ஓவர், ஸ்டீல், ப்ளாக், ஃபவுல். இதற்குப் பாதி வேகம். மூன்றாம் சுற்று ஆள் மாற்றத்துக்கு மட்டும்.

விதிகள் குழப்பும் இடங்கள்

ஷாட் எடுக்கும்போது ஃபவுல் வாங்கி, பந்து உள்ளே போகவில்லை என்றால் அது ஷாட் முயற்சியே அல்ல. 2த போடக்கூடாது. பந்து உள்ளே போனால் 2ஆ உண்டு, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. புதிதாக எடுப்பவர்களின் தாளில் ஷாட் விழுக்காடு எப்போதும் குறைவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ப்ளாக் ஆன ஷாட்டும் தவறிய ஷாட்டுதான். எடுத்தவருக்கு 2த, தடுத்தவருக்கு ப்ளா, பிறகு பந்தைக் கைப்பற்றியவருக்கு ரீபவுண்ட். பந்து வெளியே போய்த் தாக்கும் அணிக்கே திரும்பினால் அது அணியின் தாக்குதல் ரீபவுண்ட். எந்த ஆட்டக்காரர் கணக்கிலும் சேராது. வளையத்தை நோக்கி இறங்கிவரும் பந்தைத் தொட்டு கோல்டெண்டிங் என்னும் விதிமீறல் ஆனால் கூடை ஆனதாகவே கணக்கு, ப்ளாக் கிடையாது. சர்வதேச விதியில் பந்து வளையத்தைத் தொட்ட பிறகு யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கோல்டெண்டிங் போலத் தெரியும். நடுவர் கை எதுவும் காட்டவில்லை என்றால் ஆட்டம் தொடர்கிறது, அடுத்து ரீபவுண்டைத் தேடுங்கள்.

தவறிய பந்தைக் குறிபார்த்து மீண்டும் வளையத்துக்குள் தட்டினால் இரண்டு பதிவு: ரீதா, பிறகு 2ஆ அல்லது 2த. இதில் முதலாவது விட்டுப்போனால் ரீபவுண்ட் கூட்டல் பொருந்தாது.

இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் ரீபவுண்ட் இல்லை, பந்து ஆட்டத்தில் இல்லை. கடைசி ஃப்ரீ த்ரோ தவறினால்தான் உண்டு. குவார்ட்டர் மணி ஒலிக்கும்போது விட்ட ஷாட் தவறி, யாரும் பிடிக்குமுன் நேரம் முடிந்தால் முயற்சி எண்ணப்படும், ரீபவுண்ட் யாருக்கும் இல்லை.

ஸ்டீல், பந்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டு ஓடியவருக்குச் சேராது. பாஸை முதலில் தட்டித் திருப்பிவிட்டவருக்குத்தான் சேரும். ஒவ்வொரு ஸ்டீலுக்கும் எதிரணியில் ஒரு டர்ன்ஓவர் இருந்தே ஆக வேண்டும். தாக்கும் பக்கத்து ஃபவுல் என்றால் அதே ஆளுக்கு ஃபா, டஓ இரண்டும். எதிரே நின்று வாங்கியவருக்குப் பெஃபா மட்டும், ஸ்டீல் கிடையாது. 24 வினாடி மீறல் அணியின் டர்ன்ஓவர். பந்து யார் கையில் இருந்ததோ அவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை, விதியும் இல்லை.

இனி அசிஸ்ட். ஜேம்ஸுக்கு இந்த ஆட்டத்தில் சரியாக 10 அசிஸ்ட். ஒன்று குறைந்தால் ட்ரிபிள்-டபுள் (மூன்று வகையில் பத்து அல்லது அதற்கு மேல்) இல்லை. அதனால் இந்தப் பத்தியை எழுதும்போது மனசுக்குப் பட்டபடி எழுத முடியாது. ஃபிபா கையேட்டின் வழி தெளிவானது. பெயின்ட் பகுதிக்குள் (கூடைக்கு முன்னுள்ள செவ்வகம்) நிற்பவருக்குக் கொடுத்து, அவர் அங்கிருந்தே கூடை போட்டால் அசிஸ்ட். வெளியே நிற்பவர் வாங்கி, பந்தைத் தரையில் தட்டாமல் எறிந்து போட்டால் அசிஸ்ட். தட்டிக்கொண்டு போனாலும் தன் காப்பாளரைத் தாண்ட வேண்டிய வேலை அவருக்கு இல்லையென்றால், அதாவது வேகத் தாக்குதலில் முன்னால் தனியாக ஓடுபவருக்குப் பந்து போனால், அதுவும் அசிஸ்ட். வாங்கியவர் எதிரே நிற்பவரைத் தன் திறமையால் வெட்டித் தாண்டிப் போட்டால் அந்தக் கூடை அவருடையது மட்டுமே.

என்பிஏ கணக்கில் இல்லாத இன்னொன்றும் இங்கே உண்டு. பாஸ் வாங்கியவர் ஷாட் எடுக்கையில் ஃபவுல் வாங்கி, ஃப்ரீ த்ரோவில் ஒன்றாவது போட்டால் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் சேரும். யோக்கிச் போல உள்ளே வெட்டி ஓடுபவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரருக்கு இது பெரிய வித்தியாசம். உங்கள் தாளில் அவருடைய எண்ணிக்கை 11-க்குக் குறைந்தால், முதலில் செர்பியாவின் ஃப்ரீ த்ரோ வரிகளுக்குப் போய், அதற்கு முந்தைய பாஸைப் பாருங்கள்.

சந்தேகமானதற்குச் சந்தேகப் பத்தியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அங்கேயே நின்று பத்து முறை ஓட்டிப் பார்த்தால் முடிவு தெளிவதில்லை, அளவுகோல்தான் நழுவும். எல்லாக் கேள்விக்குறிகளையும் கடைசியில் ஒரே அமர்வில் வரிசையாகப் பார்த்தால் ஒரே மாதிரியான பாஸ்களுக்கு ஒரே மாதிரியான தீர்ப்பு வரும்.

ஆள் மாற்றமும் நிமிடமும்

தொலைக்காட்சி ஒளிபரப்பில் மிகவும் சிரமம் தருவது இதுதான். மாற்றம் நடக்கும் நேரத்தில் திரையில் ரீப்ளேயோ பயிற்சியாளர் முகமோ ஓடும். அதனால் உள்ளே வருவதைப் பார்த்து எழுத முயலாதீர்கள். கடிகாரம் நின்ற ஒவ்வொரு முறையும், ஆட்டம் மறுபடி தொடங்கிய பின் வரும் முதல் அகலக் காட்சியில் நிறுத்தி, ஐந்து எண்ணையும் எழுதுங்கள். முந்தைய ஐந்தோடு ஒப்பிட்டால் யார் வந்தார், யார் போனார் என்பது தானாகத் தெரியும். நேரம் என்பது கடிகாரம் நின்ற நேரம். சர்வதேச ஆட்டத்தில் கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்பது நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டும். அங்கே மாற்றங்கள் குவியும் என்பதால் அந்தப் பகுதிக்குத் தனித் தாள் வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தை 7:35 என்று விரிதாளில் தட்டினால் அது 7 மணி 35 நிமிடம் என்றே எடுத்துக்கொள்ளும். மீதி வினாடியாக மாற்றி 455 என்று எழுதுங்கள். குவார்ட்டர் தொடக்கம் 600. 455-இல் வந்து 130-இல் வெளியேறியவர் ஆடியது 325 வினாடி, 5 நிமிடம் 25 வினாடி. கூடுதல் நேரமில்லாத ஆட்டத்தில் ஓர் அணியின் மொத்தம் 12,000 வினாடி, 200 நிமிடம். ஒரு வினாடிகூட மாறக்கூடாது. 95 வினாடி குறைகிறதென்றால் எங்கோ 95 வினாடிக்கு நான்கு பேர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து பேர் இருக்கிறார்களா என்று எண்ணும் சூத்திரம் அந்த வரியை உடனே காட்டிவிடும். கூட்டல் சரியாக வந்தும் ஆள் மாறியிருக்கலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள். 9-க்குப் பதில் 8 எழுதினால் மொத்தம் மாறாது. களத்தில் இல்லாதவர் பெயரில் ரீபவுண்ட் பதிவாகியிருந்தால் அப்போது பிடிபடும். அதற்காகவே நிகழ்வுப் பதிவேட்டையும் ஐவர் பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும்.

பென்ச்சிலேயே இருந்தவர் வரியில் 0 போடாதீர்கள். ஜேசன் டேட்டம் இந்த ஆட்டத்தில் களமிறங்கவில்லை. அவருக்குப் பூஜ்யம் போட்டால், தொடர் முழுவதற்குமான சராசரி எடுக்கும்போது ஆடாத ஆட்டமும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடும். கட்டம் காலியாகவே இருக்கட்டும், பக்கத்தில் “ஆடவில்லை” என்று இருக்கட்டும்.

கூட்டிச் சரிபார்த்தல்

நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை எண்ணும் கவுன்ட்இஃப்ஸ் சூத்திரத்துக்கு இரண்டு நிபந்தனை போதும்: அணி-எண், குறி. ஷாட் விவரத்தை 9/14 என்று ஒரே கட்டத்தில் தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக்கிவிடும். ஆனது ஒரு பத்தி, முயற்சி ஒரு பத்தி என்று பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை மனக்கணக்கிலேயே போடலாம். மொத்தப் புள்ளியிலிருந்து, ஆன கள ஷாட்டுகளின் இரு மடங்கைக் கழித்தால் மிஞ்சுவது மூன்று புள்ளி ஷாட்டும் ஃப்ரீ த்ரோவும் சேர்ந்த எண்ணிக்கை. கர்ரி 19-க்கு 12, அதாவது 19 முயற்சியில் 12 ஆனது. 36-இலிருந்து 24 போனால் 12. அது 9 மூன்று புள்ளி, 3 ஃப்ரீ த்ரோ. எம்பீட் 11-க்கு 8. 19-இலிருந்து 16 போனால் 3. ஜூலை 28 அன்று இதே செர்பியாவை 110–84 என்று அமெரிக்கா வென்ற ஆட்டத்தில் டூரன்ட் 9-க்கு 8 போட்டு 23 எடுத்தார்: 23-இல் 16 போனால் 7, அதாவது 5 மூன்று புள்ளி, 2 ஃப்ரீ த்ரோ. இந்த ஒரு கழித்தல் போதும், மூன்று புள்ளி ஷாட்டை இரண்டாக எழுதியது எந்த ஆட்டக்காரர் வரி என்று தெரிந்துவிடும். கோட்டின் மேல் கால் பட்டிருக்கிறதா என்பதைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டிய இடம் அது. 6.75 மீட்டர் கோடு பக்கவாட்டு மூலைகளில் வளையத்துக்கு இன்னும் நெருங்கி வருவதால், இந்தச் சந்தேகம் அங்கேதான் அதிகம் எழும்.

இரண்டாவது ரீபவுண்ட். இரு அணியின் எல்லா ரீபவுண்டும், அணிக் கணக்கில் போனவை உட்பட, தவறிய கள ஷாட்டுகளும் தவறிய கடைசி ஃப்ரீ த்ரோக்களும் சேர்ந்த எண்ணுக்குச் சமமாக வேண்டும். குவார்ட்டர் முடிவில் பிடிபடாமல் போனவற்றை மட்டும் கழிக்கலாம். குறைந்தால் பெரும்பாலும் அணி ரீபவுண்டுதான் விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது பிளஸ்-மைனஸ். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் தன் அணி எடுத்ததிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழிப்பதுதான் இது. எப்போதும் ஐந்து பேர் களத்தில் இருப்பதால் அணியின் மொத்தம் வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்காக இருக்கும். இங்கே வித்தியாசம் 4, ஆகவே அமெரிக்காவுக்கு +20, செர்பியாவுக்கு −20. இந்த எண் கெடுவது ஃப்ரீ த்ரோக்களுக்கு நடுவே ஆள் மாறும்போது. ஃபவுல் நடந்தபோது களத்தில் இருந்தவருக்கா, பந்து விழுந்தபோது இருந்தவருக்கா என்பதை முன்பே முடிவுசெய்து, தாளின் தலைப்பில் எழுதி, ஆட்டம் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

வகுத்துப் பெறும் எண்கள்

ஃபிபா தாளின் கடைசிப் பத்தியில் வரும் செயல்திறன் எண்ணைக் கணக்கிடுவது எளிது: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், ப்ளாக் கூட்டி, தவறிய கள ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர் கழிக்க வேண்டும். காப்பாட்டம் இதில் ஏறக்குறைய தெரியாது என்பதால் ஒருவரை இன்னொருவரோடு நிறுத்தி எடைபோட இதை மட்டும் நம்பக்கூடாது.

எறிபவரை அளக்க இன்னும் நல்லவை இரண்டு. ஒன்று, ஆன ஷாட்டுகளோடு மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, முயற்சியால் வகுப்பது. கர்ரிக்கு 12 கூட்டல் 4.5, வகுத்தல் 19; 86.8 விழுக்காடு. மற்றொன்று ஃப்ரீ த்ரோவையும் சேர்ப்பது: புள்ளியை, முயற்சியோடு ஃப்ரீ த்ரோவின் 0.44 பங்கைக் கூட்டி இரட்டித்த எண்ணால் வகுக்க வேண்டும். 36 வகுத்தல் 40.64, 88.6 விழுக்காடு. முதல் வகையில் 100-ஐத் தாண்டிய விடை வந்தால் பதற வேண்டாம். 2012 லண்டனில் அமெரிக்கா 156–73 என்று நைஜீரியாவை வென்ற ஆட்டத்தில் கார்மெலோ ஆந்தனி 16-க்கு 13, அதில் மூன்று புள்ளி 12-க்கு 10, மொத்தம் 37 புள்ளி. 13 கூட்டல் 5, வகுத்தல் 16 என்றால் 112.5. சூத்திரத்தின் உச்சம் 150.

0.44 என்பது என்பிஏ ஆட்டங்களிலிருந்து வந்த சராசரிப் பெருக்கல் எண். இதையே பந்துவாய்ப்புகளை (ஓர் அணி பந்தைத் தன் வசம் வைத்துத் தாக்கும் முறைகளை) மதிப்பிடவும் பயன்படுத்துகிறார்கள். நிகழ்வுப் பதிவேடு கையில் இருக்கும்போது மதிப்பீடு எதற்கு? கூடை, ஆன கடைசி ஃப்ரீ த்ரோ, எதிரணியின் காப்பு ரீபவுண்ட், டர்ன்ஓவர், குவார்ட்டர் முடிவு: இந்த ஐந்தில் ஒன்று வந்தால் ஒரு வாய்ப்பு முடிந்தது. கூடையோடு ஃப்ரீ த்ரோவும் கிடைத்த இடத்தில் இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். பந்து மாறி மாறிப் போவதால் ஒரு குவார்ட்டரில் இரு அணிக்கும் இடையே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. வந்தால் எங்கோ ஒரு டர்ன்ஓவர் விடுபட்டிருக்கிறது.

இந்த எண்ணிக்கையைக் குவார்ட்டர்வாரியாக எடுத்த பிறகுதான் 32–15 என்ற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் படிக்க முடியும். செர்பியா 15-இல் நின்றது ஷாட் தவறியதாலா, ஷாட்டே எடுக்க விடாததாலா? 3த, 2த வரிகளையும் டஓ வரிகளையும் தனித்தனியாகப் பிரித்து, முதல் மூன்று குவார்ட்டர்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே அப்போது களத்தில் இருந்த ஐவர் பட்டியலும் இருக்கும்.

கடைசியாக அதிகாரபூர்வத் தாளோடு ஒப்பீடு. புள்ளி, ஷாட் முயற்சி, ஃப்ரீ த்ரோ, ஃபவுல் இவற்றில் ஒன்று மாறினாலும் வீடியோவுக்குத் திரும்புங்கள். ரீபவுண்டில் அணிக்கு ஒன்று, அசிஸ்டில் அணிக்கு இரண்டு வரை மாறினால், அந்த வரிகளில் ஏற்கெனவே கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் முடிவையும் அவர்கள் முடிவையும் இரண்டு பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறியே இல்லாத வரியில் வித்தியாசம் வந்தால், அந்த வகைப் பதிவுகள் அனைத்தையும் முதல் குவார்ட்டரிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.